வடிகால் அறிக்கையில் சேரி எங்கே?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுமதி கேட்டுத் தாக்கல் செய்யப்படும் கோப்பில் மழைநீர் வடிகால் பற்றி ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். நீலக் கோடுகள் போட்ட வரைபடம், இரண்டு அட்டவணை, ஒரு சூத்திரம், கடைசியில் ‘திட்டத்தால் சுற்றுப்புறத்துக்குப் பாதிப்பு இல்லை’ என்ற முடிவு. அந்த வரைபடத்தில் கட்டப்போகும் நீச்சல்குளம்கூடத் துல்லியமாக இருக்கும். ஆனால் மனையின் எல்லைக்கோட்டுக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளில்தான் சேரி இருக்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் மக்கள் இருக்கிறார்கள். நீலக்கோட்டின் நுனியில் உள்ள அம்புக்குறி அவர்களுடைய வாசலைத்தான் காட்டுகிறது.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் வடிகால் கணக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தண்ணீரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கிடைக்காத தண்ணீரைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். 1927இல் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் கேட்டது அந்த உரிமையை. வேங்கைவயலில் 2022இல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்கள் இழிவுபடுத்தியதும் அந்த உரிமையைத்தான். தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு. தேவைப்படும்போது வராத அதே தண்ணீர், தேவையில்லாதபோது இடுப்பளவு வந்து நிற்கிறது. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்பது தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் கண்ணால் பார்க்கக்கூடிய நில அமைப்பு. ஊரின் சாக்கடையும் மழைநீரும் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் நம் மக்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மாநகரம் இந்த ஏற்பாட்டை ஒழிக்கவில்லை. அனுமதி எண் கொடுத்து, முத்திரை குத்தி, புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.

தென்சென்னையைப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். அறுபதுகளில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்த நீர்வெளி இன்று அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. தாம்பரம், சேலையூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து சேர்கிறது. வந்த நீர் வெளியேற ஒக்கியம் மடுவு ஒன்றுதான் முதன்மையான வாசல். அது பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே ஓடி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். நிலமோ தட்டை. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் நகரவே நகராது. இத்தனை பெரிய நீர்ப்பிடிப்புக்கு அத்தனை குறுகிய வாய். நடுவில் குப்பைக் கிடங்கு, ரயில் பாதை, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அகலச் சாலை.

இந்த இடத்தில்தான் அரசு நம் மக்களுக்கு வீடு கட்டியது. 2000ஆம் ஆண்டையொட்டி கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டு அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை அப்புறப்படுத்தச் சொன்ன காரணம், ‘வெள்ள அபாயம்’. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த பள்ளியை விட்டு, வேலை செய்த வீடுகளை விட்டு, இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, சதுப்புநிலத்தின் விளிம்பில் இறக்கிவிட்டார்கள். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்திலேயே குடிவைத்த இந்த நிர்வாக மூளையை என்னவென்று சொல்வது? ஒவ்வொரு பெருமழைக்கும் செம்மஞ்சேரியிலிருந்து வரும் படங்கள் நமக்குப் பழகிப்போய்விட்டன. பழகிப்போனதுதான் கவலை.

இனி, வடிகால் அறிக்கைக்குள் போவோம். பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரியக்கூடிய கணக்குதான் அது. புரியாது என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

மழை பெய்யும் வேகம், நிலத்தின் பரப்பு, விழுந்த மழையில் எத்தனை பங்கு மண்ணில் இறங்காமல் வழிந்தோடும் என்ற விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வெளியேறும் நீரின் அளவு கிடைக்கும். ரேஷனல் முறை என்பார்கள். திறந்த மண் தரைக்கு அந்த விகிதத்தைத் தோராயமாக 0.2 என்றும், கான்கிரீட்டும் தளக்கல்லும் மூடிய பரப்புக்கு 0.8 அல்லது அதற்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். பத்து ஏக்கர் மனையை, அதாவது ஏறத்தாழ 4 ஹெக்டேரை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மீது விழுவது 20 லட்சம் லிட்டர். திறந்த நிலமாக இருந்தால் 4 லட்சம் லிட்டர் வெளியே ஓடும். கட்டடம் வந்த பிறகு 16 லட்சம். கூடுதலாக வரும் 12 லட்சம் லிட்டர் என்பது, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நூறு. ஒரு மணி நேரத்தில் நூறு லாரியைப் பக்கத்துத் தெருவில் திறந்துவிட்டதற்குச் சமம்.

அறிக்கை இதை மறைப்பதில்லை. மழைநீர் சேகரிப்புக் குழிகள் இத்தனை, நிலத்தடித் தொட்டி இத்தனை கொள்ளளவு, ஆகவே கூடுதல் நீரை உள்ளேயே பிடித்து வைத்துவிடுவோம் என்று எழுதும். ஏட்டில் கணக்கு நேராகிவிடும். நவம்பர் மாதம் சதுப்புநில விளிம்பில் நிலத்தடி நீர் தரைக்குச் சில அடி கீழே நிற்கும்போது, களிமண்ணில் தோண்டிய குழி எதை உறிஞ்சும்? முதல் மழையில் நிரம்பிய தொட்டி, மூன்றாம் நாள் மழையில் யாருக்காகக் காலியாக இருக்கும்? நம் மழை ஆண்டு முழுக்கப் பிரித்துப் பெய்வதில்லை. வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர்.

ஆனால் உண்மையான மோசடி குழியிலும் தொட்டியிலும் இல்லை. மண் நிரப்புவதில் இருக்கிறது. அதே பத்து ஏக்கர் தாழ்வான நிலமாக இருந்தபோது, பெருமழையில் அதன்மேல் ஓரடி தண்ணீர் நின்றது என்று வையுங்கள். அது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். மனையை நான்கடி, ஐந்தடி உயர்த்தி மதில் எழுப்பினால், இதுவரை அங்கே நின்ற அந்த நீருக்கு இனி அங்கே இடமில்லை. அது ஆயிரம் லாரி. கூரையிலிருந்து வழிவதைப்போலப் பத்து மடங்கு. வழிந்தோடும் நீரைக் கணக்கிடும் சூத்திரத்தில் இந்த இடம்பெயர்ந்த நீருக்கு இடமே கிடையாது, ஏனென்றால் அந்தச் சூத்திரம் மனையின் மேல் விழும் மழையைப் பற்றியது, மனைக்குள் வந்து தங்கிய ஊர் நீரைப் பற்றியது அல்ல. மேட்டிலிருந்து பரவலாக வழிந்து வந்த நீரை மதில் சுவர் அணைபோல் மறிக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பு, நேற்றுவரை தெருவாக இருந்தது, கிண்ணத்தின் அடியாக மாறிவிடும். அங்கே மண் அடித்து உயர்த்திக்கொள்ள யாரிடம் காசு இருக்கிறது?

எத்தனை பெரிய மழைக்கு வடிகால் கட்டுவது என்ற கேள்விக்கு அரசிடம் விதி இருந்தது. நடுவண் அரசின் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பு 1993இல் வெளியிட்ட கையேட்டை எடுத்துப் பாருங்கள். வடிகாலின் கொள்ளளவை மிஞ்சும் மழை எத்தனை முறை வரலாம் என்று அது பகுதி வாரியாகப் பிரிக்கிறது. புறநகர்க் குடியிருப்புகளில் ஆண்டுக்கு இரண்டு முறை. நகரின் மையத்தில் உள்ள, ஒப்பீட்டளவில் நிலமதிப்பு கூடிய குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஒரு முறை. வணிகப் பகுதிகளிலும் விலை உயர்ந்த பகுதிகளிலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. நிலத்தின் விலைதான் அளவுகோல் என்று ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருந்தார்கள். விலை குறைந்த நிலத்தில் இருப்பவன் வீட்டுக்குள் ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர் வரலாம், அது பிழையல்ல, வடிவமைப்பு. 2019இல் வந்த புதிய கையேடு இந்தக் கால இடைவெளிகளைக் கூட்டியது உண்மை. ஆனால் மையப் பகுதிக்கு ஒரு நியாயம், புறப்பகுதிக்கு ஒரு நியாயம் என்ற பிரிவினை அதிலும் இருக்கிறது. நகரின் மையத்தில் இருந்தவர்களைப் பிடுங்கிப் புறநகரில் நட்டுவிட்டு, புறநகருக்கு இவ்வளவு போதும் என்று சொல்லும்போது அது வெறும் பொறியியலா?

இந்தியாவில் நிலத்தின் விலைக்கும் சாதிக்கும் உள்ள உறவை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் தந்த அறிக்கையை அடுத்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனை மனைப்பிரிவுகளுக்கு அடியில் புதைந்திருக்கின்றன என்ற கேள்வியும் இதனோடு ஒட்டியதே. அதே மாவட்டத்தில், காரணையில் 1994இல் அந்த நிலத்தைக் கேட்ட ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். வடிகால் அறிக்கை மனையின் மண்வகையைச் சொல்லும், சரிவைச் சொல்லும். அந்த மனை யாருடையதாக இருந்தது என்று ஒருபோதும் சொல்லாது.

‘2015இலும் 2023 மிக்ஜாமிலும் வசதியானவர்கள் வீடும்தானே மூழ்கியது? வேளச்சேரியில் கார்கள் மிதக்கவில்லையா?’ என்று ஒரு வாதம் வரும். மிதந்தன. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காருக்குக் காப்பீடு இருக்கிறது. உறவினர் வீடு மேட்டில் இருக்கிறது. மோட்டார் வைத்து இறைக்கச் சங்கமும் பணமும் இருக்கிறது. இறைத்த நீரை எங்கே விடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. மதிலுக்கு வெளியே உள்ள சாலையில்தான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வாரத் தண்ணீர் என்பது ஒரு வாரக் கூலி. ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் நனைந்து போகும்.

வடிகால் கட்டிய பிறகு அதில் இறங்குவது யார் என்பதையும் எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. மழைநீருக்கென்று கட்டிய கால்வாயில் கழிவுநீர் இணைப்புகளைத் திருட்டுத்தனமாகக் கொடுப்பது சென்னையில் ஊரறிந்த ரகசியம். அக்டோபர் வந்தால் ‘தூர்வாரும் பணி தீவிரம்’ என்று செய்தி வரும். அந்தச் செய்தியின் படத்தில் மார்பளவு கருப்புத் தண்ணீரில் நிற்பவர் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘அபாயகரமான சுத்தம்’ என்று வரையறுக்கப்பட்டிருப்பது கழிவுநீர்ச் சாக்கடையையும் மலத்தொட்டியையும்தான். மழைநீர் வடிகாலில் இறங்கியவருக்கு ஏதாவது ஆனால், ‘அது சாக்கடை அல்ல, மழைநீர்க் கால்வாய்’ என்று அதிகாரிகள் நழுவிக்கொள்ள அதுவே வழிவிடுகிறது. பெயர்ப்பலகை எதுவானாலும் உள்ளே ஓடுவது ஒன்றுதான், இறங்குகிறவரின் சாதியும் ஒன்றுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘நீர்நிலையைக் காப்போம்’ என்ற முழக்கத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கக் கூடாது. அந்த முழக்கத்தின் பெயரால்தான் ஆற்றங்கரைக் குடிசைகள் இடிக்கப்பட்டன. ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் இந்த மாநகரில் குடிசையின் மேல் விழும் வேகத்தில் கோபுரக் குடியிருப்பின் மேல் விழுவதில்லை. ஒன்றுக்குப் புல்டோசர், மற்றொன்றுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது நல்லதுதான். 1,247 ஹெக்டேர் அதில் அடங்கும். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையும் தாக்கப் பகுதியும் வரையறுக்கப்படும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்றது. அதே ஆண்டு இறுதியில், சதுப்புநில எல்லைக்குள் வருவதாகப் புகார் எழுந்த ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வரவேற்கிறோம். ஆனால் பறவைகளுக்காக வரையப்படும் கோடு, நாளை பெரும்பாக்கத்திலிருந்தும் நம் மக்களை இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிவிடும் கோடாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சூழலியலாளர்களின் வேலை மட்டும் அல்ல, நம் வேலை. அங்கே ஏற்கெனவே குடியமர்த்தப்பட்டவர்களுக்கு வடிகாலும், மேடான பாதையும், கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு மாற்று வீடும் கொடு என்பது ஒரு கோரிக்கை. அவர்கள் தலைக்கு மேலே இன்னும் நூறு ஏக்கரை உயர்த்தாதே என்பது இன்னொரு கோரிக்கை. இரண்டும் சேர்ந்தே எழ வேண்டும்.

சட்டத்தில் உள்ள ஓட்டை பெரியது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்குத்தான் முன் அனுமதி வேண்டும். அந்தத் திட்டங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது! ஒரு சுரங்கத்துக்கு, ஓர் அனல்மின் நிலையத்துக்கு, ஒப்புக்காகவாவது பந்தல் போட்டு மைக் வைப்பார்கள். கட்டடங்களும் நகரியத் திட்டங்களும் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. அதாவது ஆயிரம் வீடு கொண்ட வளாகம் ஒன்று உங்கள் தெருவின் தண்ணீர்ப் பாதையில் எழும்போது, உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆலோசகர் எழுதுவார், அவருக்குச் சம்பளம் கட்டுமான நிறுவனம் கொடுக்கும். வல்லுநர் குழு கோப்பைப் பார்க்கும். கோப்பு ஆங்கிலத்தில் இருக்கும்.

இத்தனைக்கும் நீரின் போக்கு பற்றிய அறிவு யாரிடம் இருந்தது? ஏரிப் பாசனம் இருந்த பல ஊர்களில் மடை திறந்தவரும், கலங்கல் வழிகிறதா என்று நள்ளிரவில் போய்ப் பார்த்தவரும், எந்த வாய்க்கால் எந்த வயலுக்கு என்று மனப்பாடமாக வைத்திருந்தவரும் நீர்க்கட்டிகள். பல ஊர்களில் அவர்கள் தலித்துகள். நிலம் அவர்களுக்கு இல்லை, நீரின் மேல் உரிமையும் இல்லை, நீரைப் பற்றிய அறிவு மட்டும் இருந்தது. இன்று ‘தள ஆய்வு’ என்று கோடைக்காலத்தில் இரண்டு நாள் வந்துபோகிறவர், வறண்டு கிடக்கும் ஓடையைப் பள்ளம் என்று குறித்துக்கொண்டு போகிறார். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயது அம்மாவிடம் கேட்டிருந்தால், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த ஆண்டு எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

ஆகவே நம் கோரிக்கை சிக்கலானது அல்ல. வடிகால் மதிப்பீடு மனையின் எல்லையில் நிற்கக் கூடாது. நீர் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து, எங்கே போய்ச் சேருகிறதோ அதுவரை கணக்கிட வேண்டும். மண் நிரப்புவதால் இடம்பெயரும் நீரின் அளவு தனியாக எழுதப்பட வேண்டும். கீழ்ப்பக்கம் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பும் பெயரோடு வரைபடத்தில் வர வேண்டும். பழைய கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் உள்ள ஓடை, வாய்க்கால், தாங்கல், நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துக் காட்டப்பட வேண்டும். அறிக்கை தமிழில் வந்து, அந்தப் பகுதி மக்கள் முன் வாசிக்கப்பட வேண்டும்.

அரசு இதைத் தானாகச் செய்யப்போவதில்லை. அதுவரை, படித்த நம் பிள்ளைகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. உங்கள் ஊராட்சியின், வார்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அந்தக் கோப்பில் நான்கு விஷயங்களைப் பார்த்தாலே போதும். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தப்போகிறார்கள், நீர் எந்தக் கால்வாயில் விடப்படும், அந்தக் கால்வாய் ஏற்கெனவே நிரம்பி நிற்கும்போது என்ன ஆகும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்காது, அதையே எழுத்தில் கேளுங்கள். சர்வே எண்ணை எடுத்து அ-பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். நீர்வளத் துறை எந்த நிபந்தனையோடு சான்று கொடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் உண்டு. போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். செய்தி நம் காதுக்கு வருவதற்குள் அந்த நாட்கள் கரைந்துவிடும் என்பதால்தான் முன்கூட்டியே தேடச் சொல்கிறோம்.

இன்னொன்று, இதற்கு இணையம்கூட வேண்டாம். பக்கத்து மனையில் முதல் மண் லாரி வந்து கொட்டுவதற்கு முன்பு, தெருவிலுள்ள மின்கம்பங்களிலும் பள்ளிச் சுவரிலும் இன்றைய தரைமட்டத்தையும் கடந்த வெள்ளத்தின் மட்டத்தையும் பெயின்டால் கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் ‘இவர்கள் இடம் எப்போதுமே பள்ளம்தான்’ என்று வழக்கறிஞர் எழுந்து சொல்லும்போது காட்டுவதற்கு அந்தக் கோடு வேண்டும்.